இடது கதவு

ஸ்கெல்பி
அக்டோபர் 30

தம்பி லயனலுக்கு,

அக்கா ஹில்டா எழுதுவது. உன் இருமல் விட்டதா? லண்டன் புகையில் விடாது என்று தெரிந்துதான் கேட்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தானுக்குத்தான் முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறது, மாடிப்படி கூடாது, பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலைக் கீழே நடையை ஒட்டிய அறையில் போட்டிருக்கிறேன். உங்கள் நாடாளுமன்றச் சபைக்கு அவர் இப்போதைக்கு வரமாட்டார் என்று தலைமைக் கொறடாவிடம் சொல்லிவிடு. கொறடாக்களில் நீதான் சின்னவன், இருந்தாலும் இதைச் சொல்லவாவது வாய் இருக்குமே.

இன்னொன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. போன வியாழக்கிழமை தேநீர் வேளையில் உன் அத்தான் ஆம்ப்ரோஸ் தானாக எழுந்தார். இரவு உடைக்கு மேல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நடையில் நடந்து போனார். எங்கள் நடை உனக்குத் தெரியும், கடைசியில் இரண்டு கதவு. வலது கதவு சமையலறைக்கு. இடது கதவு தோட்டத்துக்கும் அதைத் தாண்டிக் கடலணைக்கும். அது உப்புக் காற்றில் ஊறி இறுகிப்போய், திறந்து பல வருஷம் ஆகிறது. அவர் வலது கதவுக்குப் போய், தலையைக் குனிந்து, "டக்கெட்" என்று தன் குடும்பப் பெயரைச் சொன்னார். அங்கே குடை மாட்டும் ஸ்டாண்டைத் தவிர வேறு யாரும் இல்லை. பிறகு சமையலறை வழியாகச் சுற்றி வந்து படுத்துவிட்டார்.

"என்னங்க இது?" என்றேன்.

"மணி அடிச்சுதே ஹில்டா, உனக்குக் கேக்கலையா?" என்றார்.

அன்றைக்கு அந்த வேளையில் உங்கள் சபையில் வாக்கெடுப்பு ஏதாவது நடந்ததா?

ஊரில் வேறு பேச்சே இல்லை, எல்லாம் கடலணைதான். வரப்போகிற மசோதாவில் ஸ்கெல்பி அணையைக் கைவிடப் போகிறார்களாம், பழுதுபார்க்கும் செலவு மிச்சமாம். கசாப்புக் கடை வரிசையில் நின்ற அணையோர வீட்டு எடித், "உங்க வீட்டுக்காரர் சபையில இருக்கறப்பவே எங்க வீட்டுக்குள்ள கடல் வந்துடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அணைக்கு ஒன்றும் ஆகாது என்று போன தேர்தலில் தேவாலயக் கூடத்தில் அவர் வாக்குக் கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

உன் அக்கா
ஹில்டா


லண்டன்
நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

இருமல் என்னோடு குடித்தனமே நடத்துகிறது, மற்றபடி சௌக்கியம். அத்தானைப் பற்றிப் படித்ததும் மனசு சங்கடமாகிவிட்டது. அவர் இல்லாத இருக்கையைப் பார்த்தால் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது.

புது மண்டபத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டோம். போரில் குண்டு விழுந்து எரிந்ததை அச்சு அசலாக அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வார்னிஷ் வாசனையில் எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கொஞ்சம் கிறங்கித்தான் இருக்கிறார்கள். கட்டடம்தான் புதுசு, ஓட்டுப் போடுவது பழைய மாதிரியேதான். மணி அடித்தால் எழ வேண்டும். ஆதரவென்றால் வலது கூடம், எதிர்ப்பென்றால் இடது கூடம். குமாஸ்தாவிடம் பெயரைச் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கிற எங்களைத் தாண்டித் தலையைக் குனிந்து வெளியே வர வேண்டும். நாங்கள் ஆட்டு மந்தையை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு நிற்போம்.

வியாழக்கிழமை தேநீர் வேளையில் வாக்கெடுப்பு நடந்தது உண்மைதான். வாரத்தில் பாதி நாள் அந்த வேளையில்தான் மணி அடிக்கிறது, அக்கா. பதினெட்டு வருஷம் கேட்ட மணி காதை விட்டு அவ்வளவு லேசில் போகுமா?

தலைமைக் கொறடா உன் கணவரை அன்பாக விசாரித்தார். எங்கள் பெரும்பான்மை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும், அதிலும் மூன்று விரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கடலணை மசோதாவின் இரண்டாம் வாசிப்பு, அதாவது முதல் பெரிய வாக்கெடுப்பு, இந்த மாதக் கடைசியில் வருகிறது, அது தோற்றால் ஆட்சியே ஆட்டம் காணும். அத்தான் கட்டிலை விட்டு இறங்கக்கூட வேண்டாம். ஆம்புலன்ஸ் எங்கள் முற்றத்துக்குள் வந்து நின்றால் போதும். இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு கொறடா போய் எட்டிப் பார்ப்போம். உயிர் இருக்கிறது என்று இருவருக்கும் திருப்தியானால் உள்ளே வந்து தலையை ஆட்டுவோம், அவர் ஓட்டுப் போட்டதாகக் கணக்கு. நான் தயங்கியதைப் பார்த்துத் தலைமைக் கொறடா, "மூச்சு இருக்குல்ல? அது போதும்பா. மூளையை நாம என்னைக்கு எண்ணியிருக்கோம்?" என்றார். அவருக்கு எப்போதுமே வேடிக்கைப் பேச்சுத்தான்.

இத்துடன் டப்பா இறைச்சி ஒன்று அனுப்பியிருக்கிறேன், ரேஷனில் கிடைக்காது. அத்தானுக்குக் கொடு.

அன்புடன்
லயனல்


ஸ்கெல்பி
நவம்பர் 9

தம்பி லயனலுக்கு,

டப்பா வந்தது. உன் தலைமைக் கொறடாவின் வேடிக்கையும் வந்து சேர்ந்தது. அவர் அன்பாக விசாரித்தார் என்றால் எனக்குப் பகீர் என்கிறது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, எனக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான்.

நீ எழுதியதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ஆம்புலன்ஸ் என்றதும் முகத்தில் ஒரு உயிர் வந்தது. நான் கேட்டேன்:

"போனா எந்தப் பக்கம் போவீங்க?"

"எப்பவும் வலதுதான்."

"எப்பவும் எப்படின்னு கேக்கல. இந்த மசோதாவுக்குக் கேக்கறேன்."

"இடது," என்றார். "ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போகணும், ஹில்டா. அந்தக் கூடம் உள்ள எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது, லயனல். ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்த மனிதர். மணி அடித்தால் கேள்வி கேட்காமல் நெம்புகோலை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ரயில் மோதிவிடும் என்ற பயத்திலேயே இளமை போயிற்று. சபைக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை, உங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

டாக்டர் சொன்னதை மீறி அனுப்புகிறேன், அவர் ஆசைக்காக. ஒரே நிபந்தனை: ஆம்புலன்ஸுக்குள் தலையை நீட்டி எந்தப் பக்கம் என்று நீ அவரைக் கேட்க வேண்டும். அவர் சொல்கிறபடி தலையை ஆட்ட வேண்டும். சம்மதம் என்று எழுது.

மணி விஷயம் நிற்கவில்லை. திங்கள்கிழமை சாயங்காலம் அடுத்தடுத்து இரண்டு தடவை எழுந்து போனார். புதன்கிழமை மதியச் சாப்பாட்டின்போதும் எழுந்தார். பாதி நடையில் நின்று, "நிறுத்திட்டாங்க," என்று திரும்பி வந்தார்.

உன் அக்கா
ஹில்டா


லண்டன்
நவம்பர் 15

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நலம், தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

திங்கள்கிழமை சாயங்காலம் அடுத்தடுத்து இரண்டு வாக்கெடுப்பு நடந்தது சரிதான். செய்தித்தாளில் வந்திருக்கும், நீ பார்த்திருப்பாய். புதன்கிழமை மதியம் சபையே கூடவில்லை என்று உனக்கு எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்று மதியம் மின்சாரக்காரன் ஒருவன் புது மணிகளைச் சோதித்துப் பார்த்தான். அடித்ததும் பாதியில் நிறுத்திவிட்டான். அப்போது அந்தக் கட்டடத்தில் அவனும் நானும், ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு காவல்காரரும்தான் இருந்தோம். இது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. தற்செயல் என்று வைத்துக்கொள்வோம்.

ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். 23ஆம் தேதி விடிந்ததும் வரும், கூடவே ஒரு நர்ஸ், கம்பளி, வெந்நீர்ப் பை எல்லாம் உண்டு. முற்றத்தில் மழை விழாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். உன் மற்ற கவலைகளையும் மனதில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
லயனல்


லண்டன்
நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

அத்தான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரே ஓட்டில் ஜெயித்தோம். தலைமைக் கொறடா என் முதுகில் தட்டிய தட்டு இன்னும் வலிக்கிறது.

மழை பலமாக இருந்தது. முற்றத்தில் ஐந்து ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றது, எங்களுடையது மூன்று, அவர்களுடையது இரண்டு. எதிர்க்கட்சிக் கொறடா ஃபென்விக்கும் நானும் ஒரே குடையில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். ஃபென்விக் வயதானவர், ரொம்ப மரியாதையான மனிதர். ஒவ்வொரு வண்டியிலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எட்டிப் பார்த்தார்.

அத்தான் தெளிவாகத்தான் இருந்தார், கறுப்புக் கோட்டோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

அன்புடன்
லயனல்


லண்டன்
டிசம்பர் 16

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தான் எப்படி இருக்கிறார்? பார்சலில் கம்பளிக் கையுறையும் உலர்ந்த திராட்சையும் அனுப்பினேன், வந்ததா?

இங்கே ஃபென்விக் என்னோடு முன்போல் பேசுவதில்லை. வாசலில் பக்கத்தில் நின்று எண்ணுகிறோம், முடிந்ததும் போய்விடுகிறார்.

ஒரு வரியாவது எழுது, அக்கா.

லயனல்


ஸ்கெல்பி
டிசம்பர் 29

லயனலுக்கு,

பார்சல் வந்தது. திராட்சை நன்றாக இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அன்று ஆம்புலன்ஸ் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. நர்ஸும் டிரைவரும் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் கட்டிலுக்கு வரவில்லை. இருவரையும் உதறிவிட்டு நடைக்கோடி வரை போய், இடது கதவைத் தள்ள ஆரம்பித்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது அசையவில்லை.

"வாங்க, படுத்துக்கலாம்," என்றேன்.

"மூணு தடவை சொன்னேன் ஹில்டா," என்றார். "நம்ம லயனலுக்குக் காது மந்தமாயிடுச்சா?"

வேறென்ன எழுத? அணைக்கு மேலே நேற்று அலை ஏறி, எடித் வீட்டுக் கோழிக்கூண்டு நனைந்தது. உனக்குப் புத்தாண்டு நல்லபடியாக அமையட்டும்.

ஹில்டா


லண்டன்
ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. நீ சாப்பிடுகிறாயா? அடுப்பை மூட்டுகிறாயா? ரயிலில் ஏறும்போது கேட்க நினைத்தேன், கேட்காமலே ஏறிவிட்டேன்.

கல்லறை அணையோரம்தானே என்று அவரை இடது கதவு வழியாகக் கொண்டுபோக நீ ஆசைப்பட்டாய். நாங்கள் நான்கு பேர் கடப்பாரை போட்டும் அது திறக்கவில்லை. கடைசியில் வாசல் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். அந்தக் கதவில் கை வைத்துத் தள்ளும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எனக்குக் கேட்டது, அக்கா. மூன்று முறையும் கேட்டது. "இடது, லயனல்," என்றார். ஃபென்விக்குக்கும் கேட்டது, என்னைத் திரும்பிப் பார்த்தார். "காய்ச்சல்ல பேசறார்," என்றேன் நான். ஃபென்விக் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "உங்க நோயாளி. உங்க ஆளைப் பத்தி நான் கேள்வி கேக்கறதில்லை, அதுதானே வழக்கம்," என்றார். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். நான் வலதுக்குத் தலையை ஆட்டினேன்.

இன்னொரு கெட்ட செய்தியும் இருக்கிறது. மசோதாவின் கடைசி வாசிப்பும் இறுதி ஓட்டும் பிப்ரவரி 22. ஸ்கெல்பிக்கு அதற்குள் புது உறுப்பினர் வர முடியாது. காலியான இடத்துக்குத் தேர்தல் எப்போது என்று அந்த இடத்தை வைத்திருந்த கட்சிதான் சொல்ல வேண்டும், அதாவது நாங்கள்தான். "இப்ப வச்சா தோப்போம். வசந்தம் வரட்டும்," என்கிறார் தலைமைக் கொறடா. ஸ்கெல்பியைக் கடலுக்குக் கொடுக்கிற அன்று ஸ்கெல்பிக்காக அந்தச் சபையில் ஒரு ஆளும் இருக்க மாட்டார். இது சட்டப்படி சரிதான் என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

லயனல்


ஸ்கெல்பி
பிப்ரவரி 6

தம்பி லயனலுக்கு,

சாப்பிடுகிறேன். அடுப்பும் எரிகிறது. நீ உண்மையை எழுதினாய், அதனால் நானும் எழுதுகிறேன். உன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் பேசாமல் இருக்கிற கோபம் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடையில் காலடிச் சத்தம் கேட்டது. அவருடைய நடைதான், இடது காலை லேசாக இழுத்து வைப்பார், உனக்குத் தெரியும். பயப்படவில்லை, பழக்கத்தில் இன்னொரு கோப்பையை எடுத்து வைத்துவிட்டேன். சத்தம் நடைக்கோடி வரை போயிற்று. வலது பக்கம் திரும்பவில்லை. இடது கதவில் யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி மரம் முனகியது.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். எப்போதெல்லாம் என்று உனக்கு எழுத மாட்டேன். நீ பொருத்திப் பார்ப்பாய், உன் தூக்கம் இன்னும் கெடும்.

கடப்பாரைக்கு அசையாத கதவில் நேற்று என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதன் வழியே குளிர் காற்றும் கடல் சத்தமும் வருகின்றன. எடித் வந்திருந்தபோது, "கந்தல் ஏதாவது வச்சு அடைச்சு வைங்களேன்," என்றாள். நான் அடைக்கவில்லை.

உன் அக்கா
ஹில்டா


ஸ்கெல்பி
பிப்ரவரி 22, சாயங்காலம்

லயனல்,

நலம் விசாரிக்க நேரமில்லை, தபால்காரர் வாசலில் நிற்கிறார். மசோதா என்ன ஆயிற்று என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஊரே தேவாலயக் கூடத்தில் வானொலி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் போகவில்லை.

விளக்கு ஏற்றுகிற வேளையில் அவர் எழுந்தார். எழுந்தார் என்றே எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவது? ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டு ஆடியது. காலடி நடைக்கோடிக்குப் போயிற்று. மரம் முனகவில்லை இந்தத் தடவை. கதவு திறந்தது, லயனல். சுவர் வரை முழுசாகத் திறந்துகொண்டது. தோட்டமும் அணையும் வானமும் தெரிந்தன, வெளியே யாரும் இல்லை.

திரும்பி வருகிற காலடி கேட்கும் என்று காத்திருந்தேன். இன்னும் கேட்கவில்லை.

ஹில்டா


லண்டன்
மார்ச் 4

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. பத்து நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். மசோதா தோற்றது உனக்குத் தெரியும், செய்தித்தாளில் எல்லாம் வந்துவிட்டது. வராததை எழுதுகிறேன்.

அன்று இடது கூடத்து வாசலில் எங்கள் பக்கத்துக்கு நான், அவர்கள் பக்கத்துக்கு ஃபென்விக். யார் வருவார், யார் வரமாட்டார் என்று காலையிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அதன்படி நாங்கள் ஒரு ஓட்டில் ஜெயிக்க வேண்டும். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து தாண்டிப் போனார்கள், நான் சத்தமாக எண்ணினேன். கடைசி ஆளும் போய்விட்டார். கூடம் காலி. குமாஸ்தா பேனாவை மூடிவிட்டு எழுந்தார். அப்போது என் வாய் அடுத்த எண்ணைச் சொன்னது.

பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தலையைக் குனிந்து தாண்டினால் ஒரு காற்று வருமே, அது வந்தது. அத்தானின் கறுப்புக் கோட்டில் அடிக்கிற அந்துருண்டை வாசனை வந்தது. வார்னிஷ் நாற்றம் பிடித்த அந்த இடத்தில் உப்பு ஈரமும் வந்தது. தரையில் இடது காலை லேசாக இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

நான் ஃபென்விக்கைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், முகம் சுண்ணாம்பாக இருந்தது. "நீங்களும் எண்ணுனீங்களா?" என்றேன். "எண்ணினேன்," என்றார். "உங்க ஆள்தான். உங்க ஆளைப் பத்தி நான் கேள்வி கேக்கறதில்லை."

சபைக்குள் போய் இரண்டு வாசலிலும் எண்ணிய நால்வரும் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்று குனிந்தோம். மேசைக்குப் போகிற அந்தப் பத்தடியில், ஒரு தவறு நடந்துவிட்டது, மறுபடி எண்ண வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் என் வேலை. தலைமைக் கொறடா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பரில் முற்றத்திலிருந்து உள்ளே போய்த் தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சமம் என்று அறிவித்தார்கள். சமமானால் சபாநாயகர் உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவார், அதுவும் பழைய வழக்கம்தான். மசோதா விழுந்தது.

"ஒருத்தன்கூட மாறி ஓட்டுப் போடல, எப்படிடா தோத்தோம்?" என்று தலைமைக் கொறடா கத்தினார். குமாஸ்தா குறித்த பெயர்கள் எங்கள் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. அவசரத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். குமாஸ்தாவை நம்புவதா, இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட எண்ணை நம்புவதா? ஆட்சி இன்னும் விழவில்லை, ஆனால் நொண்டுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் ஒரு தலை கூடுதலாக வருகிறது. எப்போதும் இடது பக்கம் என்று நினைக்காதே. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற மசோதாவுக்கு வலது பக்கம் வந்தார். முதியவர்களின் கண்ணாடிக்குக் காசு வாங்குகிற மசோதாவுக்கு இடது பக்கம். மற்ற வாசலில் நிற்கிறவர்களும் முகம் வெளுத்துத்தான் வருகிறார்கள், யாரும் யாரிடமும் சொல்வதில்லை. நேற்று ஃபென்விக் மட்டும் என் காதில் சொன்னார்: "இந்தச் சபையில யோசிச்சு ஓட்டுப் போடறவர் இப்ப அவர் ஒருத்தர்தான்."

நாங்கள் எல்லாரும் பேசாமல் ஒன்றைக் கழித்துவிட்டு எண்ணைச் சொல்கிறோம். வேறு என்ன செய்ய, அக்கா? எனக்குப் பயமாக இருக்கிறது.

லயனல்


ஸ்கெல்பி
மார்ச் 11

தம்பி லயனலுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் இருமலைப் பற்றி நீ எழுதவே இல்லை, அதிலிருந்தே நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது. எனக்கு முழங்கால் தேவலை.

அணையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நாள் முழுக்க மண்வெட்டிச் சத்தம். எடித் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், பாலே இல்லாமல். தேர்தல் தேதியும் அறிவித்துவிட்டீர்கள். உங்கள் புது ஆள் நேற்று வீட்டுக்கு வந்தார், நல்ல பையன், காலணியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"மணி அடிச்சா எந்தப் பக்கம் போவீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

"கட்சி சொல்ற பக்கம்தாங்க," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். நடையில் காற்று வீசியதும், "அந்தக் கதவு திறந்து கிடக்கே, சாத்திட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

நீ செய்தது எனக்குப் புரிகிறது. அன்று நீ வாயைத் திறக்காமல் இருந்ததற்காக நவம்பரை நான் மறந்துவிடுகிறேன். ஆனால் அவரைக் கழிக்காதே, லயனல். பதினெட்டு வருஷம் நீங்கள் அவரைக் கேட்காமலே எண்ணினீர்கள். இப்போது அவர் யோசித்து வருகிறார், இப்போது போய் எண்ணாமல் விடுகிறீர்கள். அதற்கு மேல் எனக்கு உங்கள் சட்டம் தெரியாது.

அவர் இன்னும் இங்கே திரும்பி வரவில்லை. நடையில் ஒரு சத்தமும் இல்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அந்தக் காலடியாவது இருந்தது. இரண்டு கோப்பை எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த முறை அந்தக் காற்று உன்னைத் தாண்டும்போது ஒரு தரம் கேள். எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டாம், அது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று அக்கா கேட்டாள் என்று சொல். பதில் வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது. கதவு திறந்துதான் இருக்கிறது. குளிர்கிறது, பரவாயில்லை.

உன் அக்கா
ஹில்டா